சீல் உடைந்த பெட்டி

மோகன்,

திருநகர் வீட்டு மாடியறையில், நீ கல்யாண வீடியோ எடிட் செய்த அதே மேஜையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நீ கூரியரில் அனுப்பிய பளபளப்பான விளம்பரத் தாள் எதிரே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போனில், "புது கேப்சர் பாக்ஸ் வாங்கப் போறேன்மா, இதுல எல்லாமே இருக்கு, நீயே படிச்சுப் பாரு" என்றாய். படித்தேன். ஒரு முறை அல்ல, நான்கு முறை. எல்லாமே இருக்கிறது என்று யார் சொன்னாலும், எதுவோ இல்லை, அதை மறைக்கிறார்கள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். தாளின் நடுவில் ஒரு டிவி படம். அந்த டிவிக்குள் ஒரு மணப்பெண். டிவியின் கண்ணாடியில் ஜன்னல் வெளிச்சம் விழுந்திருக்கிறது, ஆனால் பெண்ணின் முகத்தின் மேல் அந்த வெளிச்சம் இல்லை. அவளை வேறெங்கோ எடுத்து இங்கே ஒட்டியிருக்கிறார்கள். தலைப்பில் பெரிய எழுத்தில் ஒரு வாக்குறுதி, அதன் தோளில் ஒரு நட்சத்திரக் குறி. குறியைத் தேடிக் கீழே போனால் எறும்பு ஊர்வது போல நான்கு வரிகள். அவற்றை நீ படிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் டிவிக்குப் படம் அனுப்பும் வயர் இந்தப் பெட்டியோடு வராது என்று அங்கேதான் எழுதியிருக்கிறது. திரையில் தெரியும் படம் சித்திரிக்கப்பட்டது என்றும் அங்கேயே எழுதியிருக்கிறது. கான்வென்டில் எனக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த சிஸ்டர், எந்தக் காகிதத்தையும் கீழேயிருந்து மேலே படி என்பார். பொய்யர்கள் உண்மையைக் கடைசியில்தான் வைப்பார்களாம். ஐம்பது வருஷமாக அப்படித்தான் படிக்கிறேன். அந்தப் பழக்கம் எனக்கு நிறைய நன்மை செய்திருக்கிறது. ஒரு பெரிய கெடுதலும் செய்திருக்கிறது. இந்தக் கடிதம் அந்தக் கெடுதலைப் பற்றியது. பெட்டியைப் பற்றியும் சொல்வேன், ஏனென்றால் இரண்டையும் பிரிக்க முடியவில்லை.

நம் வீட்டில் நாம் சௌராஷ்டிர மொழியில்தான் பேசிக்கொள்வோம். இதை வேண்டுமென்றே தமிழில் எழுதுகிறேன். உறையையும் ஒட்டாமல்தான் அனுப்பப் போகிறேன். ஒரு நகல் எடுத்து உன் சிநேகிதன் அவனியாபுரம் செல்லப்பாண்டிக்கும் கொடுக்கப் போகிறேன். எட்டு மாதமாக இந்த வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. வேறு யார் கையில் கிடைத்தாலும் அவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால், உனக்குத் தெரிந்ததையும் திரும்பச் சொல்வேன். பொறுத்துக்கொள்.

உன் அப்பா சாயப்பொடி விற்றவர். விளக்குத்தூண் பக்கத்தில் அவருடைய கடை எவ்வளவு குறுகல் என்பது உனக்கு நினைவிருக்கும். உள்ளே பகலிலும் ட்யூப் லைட் எரியும். ஆனால் எந்த நூலின் நிறத்தையும் அந்த வெளிச்சத்தில் அவர் தீர்மானித்ததில்லை. சாயம் ஏற்றிய நூலையும் மாதிரி நூலையும் எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்துவிடுவார். சைக்கிள்காரர்கள் மணியடித்துத் திட்டுவார்கள். "ஒரு நிமிஷம் அண்ணே, நெறம் பாத்துக்கிறேன்" என்று அவர்களையே நிறுத்திவைத்து, இரண்டையும் வெயிலில் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்ப்பார். சந்தேகம் தீரவில்லையென்றால் வீட்டுக்குக் கொண்டுவந்து என்னிடம் காட்டுவார். அரக்கில் கொஞ்சம் கறுப்பு ஏறியிருந்தாலும் நான் சொல்லிவிடுவேன். நான் "இல்லை" என்றால் அந்தச் சாயம் கடையை விட்டு வெளியே போகாது. அவர் போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது. பட்டுப்புடவை எடுக்க உறவுக்காரர்கள் இன்னும் என்னைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். நானும் கடைக்காரர் முகம் சுளித்தாலும் புடவையை வாசலுக்குக் கொண்டுவந்து பார்ப்பேன். இதையெல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமையும் உண்டு, இல்லையென்று சொன்னால் நீ சிரிப்பாய். என் கண்ணை நான் எவ்வளவு நம்பினேன் என்பது தெரிந்தால்தான் மீதி புரியும்.

நீயும் செல்லப்பாண்டியும் கல்லூரி முடித்த கையோடு கல்யாண வீடியோ தொழிலில் இறங்கினீர்கள். அவன் எடுப்பான், நீ இந்த மாடியில் உட்கார்ந்து வெட்டி ஒட்டுவாய். கம்ப்யூட்டர் வந்த பிறகு ஒரு பெட்டி தேவைப்பட்டது. அதற்கு இரண்டு வேலை என்று நீதான் எனக்கு விளக்கினாய். கேமராவிலும் கேசட்டிலும் இருக்கும் படத்தைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றுவது ஒன்று. நீ வேலை செய்யும்போதே அந்தப் படத்தை வெளியே ஒரு சாதாரண டிவியில் காட்டுவது இன்னொன்று. "கம்ப்யூட்டர் மானிட்டர்ல அழகா தெரியும்மா. ஆனா கல்யாண வீட்டுக்காரங்க பாக்கப்போறது அவங்க வீட்டு டிவியில. அதுல எப்படி வருதுன்னு பாத்துத்தான் நெறத்தைச் சரிபண்ணணும்" என்றாய். உடனே எனக்குப் புரிந்துவிட்டது. கம்ப்யூட்டர் திரைதான் உன் அப்பாவுக்கு ட்யூப் லைட், டிவிதான் தெரு.

முதல் பெட்டியை வாங்கப் போனபோது நானும் கூட வந்தேன். கடைக்காரர் ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டினார். கடலுக்கடியில் மீன்கள் நீந்தின. மஞ்சள் மீன், சிவப்பு மீன், பின்னால் மெல்லிய இசை. நீ வாயைப் பிளந்து நின்றாய். நான் கேட்டேன், "எதுக்கு மீனைக் காட்டுறீங்க?" அவர், "கலர் பாருங்கம்மா, கலர்!" என்றார். "மீன் பேசாது. உதடும் சத்தமும் சேர்ந்து வருதான்னு மீனை வச்சு எப்படித் தெரியும்?" என்றேன். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். உனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "ம்மா, சும்மா இரு" என்று என் முழங்கையைப் பிடித்தாய். பெட்டி வீட்டுக்கு வந்தது. திருமங்கலத்துக் கல்யாணம் ஒன்றை முழுசாக ஏற்றினாய். முதல் பத்து நிமிடம் சரியாக இருந்தது. தாலி கட்டும்போது தவில்காரர் ஓங்கி அடித்த பிறகுதான் அடி கேட்டது. கேசட்டை வாங்கிப் போன பெண்ணின் தகப்பனார் மறுநாளே வந்துவிட்டார். "ஏம்ப்பா, கெட்டிமேளம் ஒரு பக்கம் போகுது, குச்சி ஒரு பக்கம் போகுது. எம்மக கழுத்துல தாலி ஏறினப்புறம் மேளம் வருது. ஊர்ல கேக்குறான், முகூர்த்தம் தப்பிப்போச்சான்னு!" நீ தலையைக் குனிந்து நின்றாய். நான் அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு வருத்தமும் இருந்தது. அதைவிடத் திருப்தி அதிகமாக இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அதன்பிறகு நீங்கள் இருவரும் என் சொல்லை வேதமாக்கிவிட்டீர்கள். எந்தப் பெட்டி வந்தாலும் ஒரு மணி நேரம் விடாமல் மேளத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும், கடைசி நிமிடத்தில் தவில்காரர் கையும் சத்தமும் சேர வேண்டும். செல்லப்பாண்டி அதற்கு 'அம்மா பரீட்சை' என்று பெயர் வைத்தான். ஒரு முறை சரியாகச் சந்தேகப்பட்டவள் மறுமுறையும் சரியாகத்தான் சந்தேகப்படுவாள் என்று நீங்கள் நினைத்தீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

போன வருஷம் என் கண்ணுக்கு எதுவுமே வெள்ளையாகப் படவில்லை. நினைவிருக்கிறதா? சலவைக்காரர் சொட்டு நீலம் போடுவதே இல்லை என்று அவரோடு சண்டை போட்டேன். அவர் என் வெள்ளைப் புடவையை வாசலில் விரித்து, பக்கத்து வீட்டு அம்மாளையும் எதிர்வீட்டுக்காரரையும் கூப்பிட்டு, "நீங்களே சொல்லுங்க, இது வெள்ளையா இல்லையா?" என்று கேட்டார். இருவரும் வெள்ளை என்றார்கள். மூன்று பேரும் பேசி வைத்துக்கொண்டார்கள் என்று நினைத்தேன். சுவருக்கு வெள்ளையடித்த ஆள் பழைய சுண்ணாம்பைக் கலந்துவிட்டான் என்றேன். பாலில் ஏதோ சேர்க்கிறார்கள் என்று பால்காரரை மாற்றினேன். ஊரில் எல்லாரையும் சந்தேகப்பட்டேன். அந்தப் பட்டியலில் ஒரே ஒரு பெயரை எழுத மறந்துவிட்டேன்.

அப்போதுதான் செல்லப்பாண்டி இரண்டாவது பெட்டியைக் கொண்டுவந்தான். விசாரித்துத் தேர்ந்தெடுத்தவன் அவன். பகல் பதினொரு மணி இருக்கும். மாடியேறி வந்து, "மாப்ள, இந்தா பாரு. முன்ன வாங்கினது மாதிரி இது சூடேறி மேளத்தைப் பின்னால விடாது" என்று உன்னிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "அம்மா, பரீட்சை வைக்கலாம்" என்றான். அட்டைப்பெட்டியைப் பார்த்தேன். மேலே ஒட்டியிருந்த சீல் கிழிந்திருந்தது.

"சீல் ஏன்ப்பா கிழிஞ்சிருக்கு?"

"ஒரு தடவை ஓட்டிப் பாத்தேம்மா."

"எங்க?"

"எங்க அண்ணே ஸ்டுடியோவுல."

அவன் அதற்குள் தரையில் படுத்து மேஜைக்கடியில் வயரைச் செருகிக்கொண்டிருந்தான். அவன் பெரியப்பா மகன் அவனியாபுரத்தில் ஸ்டுடியோ வைத்திருப்பது எனக்குத் தெரியும். மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். புதிய பெட்டி அண்ணனுக்கு, அண்ணனின் பழைய பெட்டி நமக்கு.

நீ உஷாவின் கல்யாண கேசட்டைப் போட்டாய். உன் சித்தி மகள் கல்யாணம், செல்லப்பாண்டி கேமரா பிடித்த முதல் கல்யாணமும் அதுதான். உஷாவின் கூரைப்புடவையை எடுத்தவள் நான். மயில் கழுத்து நிறம், கடை வாசலில் மூன்று முறை வெயிலில் திருப்பிப் பார்த்து எடுத்தது. கேசட்டிலிருந்து பெட்டிக்கும், பெட்டியிலிருந்து டிவிக்கும் படம் வந்தது. புடவை பாசி பிடித்த தொட்டி மாதிரி இருந்தது. மாப்பிள்ளையின் வேட்டி டீயில் நனைத்த மாதிரி இருந்தது.

"இது என்ன நிறம்?" என்று கேட்டேன்.

"மயில் கழுத்தும்மா. நான்தான வீடியோ எடுத்தேன்" என்றான் அவன், மேஜைக்கடியிலிருந்து தலையை நீட்டி.

"இதுவா மயில் கழுத்து? வேட்டியைப் பாரு."

"வேட்டி வெள்ளையாத்தானேம்மா இருக்கு…" என்று இழுத்தவன் உன்னைப் பார்த்தான். நீ டிவியைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், மறுபடி டிவியைப் பார்த்தாய். "லேசா மங்கலா இருக்கோ?" என்றாய்.

அது போதுமானதாக இருந்தது எனக்கு. உன் பக்கம் திரும்பி, நம் மொழியில், குரலைக்கூடத் தாழ்த்தாமல் சொன்னேன். புதியதை அண்ணன் கடையில் வைத்துவிட்டு ஓடித் தேய்ந்த பெட்டியை நமக்குக் கொண்டுவந்திருக்கிறான், இத்தனை நாள் சோறு போட்ட வீட்டிலேயே கைவரிசை காட்டுகிறான், நீயே கேள் என்றேன். வெளியாள் எதிரில் நம் மொழியில் பேசிக்கொள்வது நமக்கு ஒரு திரை மாதிரி. புடவைக் கடையில், பஸ்ஸில், ஆஸ்பத்திரியில் காலங்காலமாக அந்தத் திரைக்குப் பின்னால் நின்று ஊரையே எடைபோட்டிருக்கிறோம். அதில் ஓட்டை இருக்கும் என்று யோசித்ததே இல்லை. செல்லப்பாண்டி மேஜைக்கடியிலிருந்து எழுந்தான். தன் வயரை மட்டும் கழற்றி, முழங்கையில் நிதானமாகச் சுற்றி, பைக்குள் வைத்தான். வாசற்படியில் நின்று, போய் வருகிறேன் என்றான். தமிழில் அல்ல. நம் மொழியில், பெரியவர்களிடம் சொல்கிற மரியாதை மாறாமல், சுத்தமான உச்சரிப்பில் சொன்னான். அவன் கீழே செருப்பு மாட்டும் சத்தம் கேட்ட பிறகுதான் நான் அதை உணர்ந்தேன்.

நீ அப்போதாவது ஓடியிருக்க வேண்டும். நானாவது உன்னை அனுப்பியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? "பாத்தியா, குத்தமுள்ள நெஞ்சு, அதான் வாயைத் திறக்காமப் போறான்" என்றேன். மறுநாள் பெட்டியை ஆட்டோவில் ஏற்றி அவன் வீட்டுக்கு அனுப்பினாய். அவனும் அதை வாங்கி வைத்துக்கொண்டான். இரண்டு மாதத்தில் நீ சென்னைக்குப் போய்விட்டாய். அங்கே ஸ்டுடியோவில் நல்ல வேலை என்று உறவினர்களிடம் சொல்லிக்கொண்டேன். நல்ல வேலைதான். ஆனால் நீ போனது வேலைக்காக இல்லை என்பது எனக்குத் தெரியும்.

இனி உனக்குத் தெரியாதது. சென்ற மாதம் பெரியார் பஸ் நிலையத்தில் திருநகர் பஸ் என்று ஏறினேன். நாகமலை புதுக்கோட்டையில் போய் இறங்கினேன். கண்டக்டர், "ஏம்மா, இம்புட்டுப் பெரிசா போர்டு போட்டிருக்கு, பாத்து ஏறக்கூடாதா?" என்றார். போர்டைச் சரியாக எழுதவில்லை என்று அவரோடு வாதாடினேன். இறங்கி நின்று அண்ணாந்து பார்த்தேன். எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மஞ்சள் கறைதான் தெரிந்தது. பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடத்துப் பெண் எழுத்துக் கூட்டாமல் அதைப் படித்தாள். மறுநாள் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டு கண்ணிலும் புரை, முற்றிவிட்டது என்றார்கள். வலது கண்ணுக்கு அறுவை நடந்து மூன்று வாரம் ஆகிறது. உனக்குச் சொல்லவில்லை. சொன்னால் வருவாய், வந்தால் ஏன் இவ்வளவு நாள் தெரியவில்லை என்று கேட்பாய். பக்கத்து வீட்டு அம்மாள்தான் துணைக்கு வந்தாள்.

கட்டுப் பிரித்ததும் எனக்கு டாக்டர் மேல்தான் சந்தேகம் வந்தது. சுவர் நீலம் பாய்ந்திருந்தது, டாக்டர் பெண்ணின் வெள்ளைக் கோட்டு கண்ணைக் கூசவைத்தது. "நீலக் கண்ணாடியை வச்சு மாத்திட்டீங்களா டாக்டர்?" என்று கேட்டேன். அவள் சிரித்தாள். "இம்புட்டு நாளா டீத்தண்ணிக்குள்ள இருந்து பாத்துக்கிட்டு இருந்தீங்கம்மா. இதுதான் உண்மையான வெள்ளை." நான் நம்பவில்லை. பக்கத்துக் கட்டிலில் கட்டுப் பிரித்திருந்த மேலூர்க்காரியிடம், "உங்களுக்கும் செவுரு இப்படித்தான் தெரியுதா?" என்று ரகசியமாகக் கேட்டேன். "ஆமாத்தா, சோப்புப் போட்டுக் கழுவின மாதிரி இருக்கு" என்றாள். வீட்டுக்கு வந்தேன். கொடியில் என் புடவை காய்ந்துகொண்டிருந்தது. வெள்ளை. நல்ல வெள்ளை. கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டேன், மோகன். சலவைக்காரரோ பால்காரரோ நினைவுக்கு வரவில்லை. மேஜைக்கடியிலிருந்து எழுந்து வந்த செல்லப்பாண்டியின் முகம்தான் வந்தது.

அன்றைக்கு அந்தப் பெட்டியிலிருந்து டிவிக்குப் போன படத்தை நீ இன்னொரு கேசட்டில் பதிந்திருந்தாய், யாராவது கேட்டால் காட்டுவதற்குச் சான்றாக. அது இந்த மேஜையிலேயே கிடந்தது. அதே டிவியில் போட்டேன். இடது கண்ணைக் கையால் மூடினேன். உஷா மயில் கழுத்துப் புடவையில் மணையில் உட்கார்ந்திருந்தாள், கடை வாசலில் நான் பார்த்த அதே நீலம், மடிப்பில் அதே பச்சை. மாப்பிள்ளை வேட்டி வெள்ளை. வலது கண்ணை மூடினேன். பாசி பிடித்த தொட்டி. டீயில் நனைத்த வேட்டி. மாற்றி மாற்றி மூடினேன். உன் அப்பா இரண்டு நூலையும் வெயிலில் ஒன்றின் மேல் ஒன்று வைப்பாரே, அது போல என் இரண்டு கண்ணையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன். பெட்டியில் ஒரு குறையும் இல்லை.

இரண்டு நாள் அதை நானே மறுக்கப் பார்த்தேன். நிறம் சரி, ஆனால் சீல் கிழிந்தது கிழிந்ததுதானே என்று. மூன்றாம் நாள் ஷேர் ஆட்டோ பிடித்து அவனியாபுரம் போனேன். லேத் பட்டறைக்குப் பக்கத்தில் அந்த ஸ்டுடியோ, அதையொட்டி அவர்கள் வீடு. செல்லப்பாண்டியின் அம்மா வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கீரைக்கட்டை வைத்துவிட்டு எழுந்தார், ஆனால் உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. "எம்மவன் திருடுனான்னு சொன்ன வாய் இதுதானா?" என்று கேட்டார். "அன்னைக்கு எங்க பாஷையில சொல்லியிருந்தீகன்னா அன்னைக்கே வந்து பதில் சொல்லிருப்பேன்." நான் நின்றபடியே, நல்ல தமிழில், தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி சொன்னேன். உங்கள் மகன் எதையும் மாற்றவில்லை, என் கண் கெட்டிருந்தது, கெட்ட கண்ணை வைத்துக்கொண்டு அவன் மேல் பழி போட்டேன், மன்னிக்க வேண்டும் என்றேன். அந்த அம்மாள் என் வலது கண்ணை உற்றுப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "ஏலேய், சேரு எடுத்துட்டு வா" என்றார்.

செல்லப்பாண்டி நாற்காலியோடு வந்தான். இளைத்திருக்கிறான். "வாங்கம்மா. இதை உங்க பாஷையிலயே சொல்லியிருந்தாலும் எனக்குப் புரிஞ்சிருக்கும்" என்றான், கொஞ்சம் சிரித்துக்கொண்டே.

"எப்பப்பா கத்துக்கிட்ட?"

"ஒம்பது வருஷம் உங்க வீட்டுச் சோறு. மொதல்ல திட்டுறது புரிஞ்சுச்சு, அப்புறம் சாப்பாட்டுப் பேரு புரிஞ்சுச்சு, அப்புறம் எல்லாமே புரிஞ்சிருச்சு."

உள்ளே கூட்டிப்போய்க் காட்டினான். அதே பெட்டி. எட்டு மாதமாக அதில்தான் வேலை செய்கிறான், ஒரு குறையும் வரவில்லையாம். சீல் ஏன் கிழிந்தது என்று நான் மறுபடி கேட்கவில்லை, அவனாகவே சொன்னான். "நீங்கதானம்மா சொல்லுவீங்க, மேளம் ஒரு மணி நேரம் ஓடணும்னு. உங்க முன்னாடி ஃபெயிலாயிரக்கூடாதுன்னு நான் இங்க ரெண்டு மணி நேரம் ஓட்டிப் பாத்துட்டுக் கொண்டாந்தேன்." என் பரீட்சைக்காகக் கிழித்த சீல் அது. அதை வைத்துத்தான் அவனை நான் திருடனாக்கினேன்.

காபி கொடுத்தார்கள். குடித்தேன். புறப்படும்போது உன் சென்னை நம்பரை எழுதிக் கொடுத்தேன். அவன் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தெருவைப் பார்த்தபடி ஒன்று கேட்டான். "உங்களுக்குப் புரை மறைச்சிருச்சும்மா. சரி. மோகனுக்கு என்னம்மா மறைச்சுச்சு?"

ஆட்டோவில் வரும்போது ஒரு பதில் கிடைத்தது, நான்தான் மறைத்தேன் என்பது. உன் அப்பா என் கண்ணை மதித்ததைப் பார்த்து வளர்ந்தவன் நீ, மீன் விஷயத்தில் நான் ஜெயித்ததையும் பார்த்தவன். ஆனால் அந்தப் பதிலுக்குப் பின்னால் நீ ஒளிந்துகொள்ள நான் விடமாட்டேன். உனக்கு முப்பத்தொரு வயது. அன்று உன் இரண்டு கண்ணும் நன்றாக இருந்தன. புடவை நீலமாகத்தான் தெரிந்திருக்கும் உனக்கு. அம்மா சொல்லிவிட்டாள் என்பதற்காக லேசா மங்கலா இருக்கோ என்றாய். அந்த 'லேசா' என்ற சொல்லைத்தான் அவனால் இன்னும் செரிக்க முடியவில்லை. நான் சொன்னதை அவன் மன்னித்துவிட்டான். நீ சொன்னதை நான் போய் மன்னிப்புக் கேட்டுத் தீர்க்க முடியாது, அது உன் வேலை.

இப்போது உன் புதுப் பெட்டி. சந்தேகப்படாதே என்று சொல்ல மாட்டேன். இந்த விளம்பரத் தாளைப் பார்த்தால் நிறையச் சந்தேகப்படவேண்டியிருக்கிறது. கடைக்காரர் ஓட்டும் படத்தைப் பார்க்காதே, நம் ஊர்க் கல்யாண கேசட் ஒன்றைக் கொண்டுபோ. அதில் மேளம் இருக்க வேண்டும், மணப்பெண்ணின் குங்குமம் இருக்க வேண்டும், வெள்ளை வேட்டி இருக்க வேண்டும். டிவிக்குப் போகிற வயர் எங்கே என்று கேள், அது தனி என்று அவர்களே சொல்லட்டும். கடை டிவியில் சரியாக வந்தால் போதாது, வீட்டு டிவியில் ஒரு நாள் ஓட்டிப் பார்க்கத் தருவீர்களா என்று கேள், தயங்கினால் எழுந்து வந்துவிடு. பெட்டியைத் தொட்டுப் பார், ஒரு மணி நேரத்தில் கை பொறுக்காத சூடென்றால் சித்திரையில் அது என்ன ஆகும் என்று யோசி. இதையெல்லாம் செய்த பிறகும் உன் கண்ணை மட்டும் நம்பாதே. இன்னொருவன் பார்க்க வேண்டும், உனக்குப் பயப்படாதவனாக, உன் அம்மாவுக்கும் பயப்படாதவனாக. வேட்டி வெள்ளையாகத்தானே இருக்கிறது என்று என் முகத்துக்கு நேரே சொன்ன ஒரே ஆள் யார் என்பது உனக்குத் தெரியும். அவனிடம் கேட்காமல் எந்தப் பெட்டியையும் வாங்காதே.

அடுத்த வியாழக்கிழமை இடது கண்ணுக்கு அறுவை. காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். அதன்பிறகு இரண்டு கண்ணிலும் ஒரே நிறம்தான் தெரியும், நான் செய்த தவறை ஒரு கண்ணை மூடிப் பார்க்க வழியிருக்காது. அதற்கு முன் நீ வந்து இந்த டிவி முன்னால் என் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று நினைக்கிறேன். இந்த முறை பக்கத்து வீட்டு அம்மாளைக் கூப்பிடவில்லை. துணைக்கு யார் வருகிறார்கள் என்று ஆஸ்பத்திரியில் கேட்டபோது உன் பெயரைச் சொன்னேன். அவனியாபுரத்தில் விஷயம் கேட்டதும் செல்லப்பாண்டி, "நான் வாரேம்மா, எட்டு மணிக்கு வாசல்ல நிப்பேன்" என்று சொல்லியிருக்கிறான். நீ வருவாய் என்று அவனிடம் நான் சொல்லவில்லை. ஆனால் இந்தக் கடிதத்தின் நகல் அவனிடம் போகிறது, அதற்குள் படித்திருப்பான். அறுவைக்குப் போகிறவரோடு ஒரே ஒருவரைத்தான் உள்ளே விடுவார்கள். அது யார் என்று நீங்கள் இருவரும் வாசலில் நின்று பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். எந்த மொழியில் வேண்டுமானாலும்.

அம்மா